தில்லைக்கரசி தர மறுத்த மருந்து

"சார், சீக்கிரம் வாங்க. நடக்கறப்பவே பாக்கணும்."

ஜன்னலோரம் நின்று கூப்பிட்டார் தில்லைக்கரசி. ஒரு கையில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த பீக்கர். இன்னொரு கையில் பிப்பெட். அதன் நுனியில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சொட்டு விழுந்தது. எண்ணெய் என்றால் மேலே மிதக்க வேண்டும். இது மிதக்கவில்லை. விழுந்த இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஊதுபத்திப் புகை மாதிரி நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. பாதி வழியிலேயே காணாமல் போனது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது மட்டும் ஓரத்தில் லேசான நீலம் ஓடியது.

"கலக்கவே இல்ல சார். அதுவாவே உடைஞ்சுக்குது" என்றார்.

வெளியே பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தர்மபுரியிலிருந்து தொப்பூர் போகிற பக்கத்தில்தான் எங்கள் பார்மசி கல்லூரி. ஹாரன் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்தி நடத்தி, எங்கள் எல்லோருக்கும் குரல் தடித்துப் போயிருந்தது. அன்றைக்கு அந்த ஆய்வகத்தில் மட்டும் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எண்ணெய் எதற்கு

தில்லைக்கரசியும் நானும் ஒரே துறை. ஒரு மருந்தை மாத்திரையாகவோ, கேப்ஸ்யூலாகவோ, சொட்டு மருந்தாகவோ எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற துறை. வயதில் நான் மூத்தவன். அவர் வகுப்பும் எடுத்துக்கொண்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவார். பாதி வழி நின்றுகொண்டே வந்தாலும் முகத்தில் அலுப்புத் தெரியாது.

அவர் எடுத்துக்கொண்ட வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மருந்துகள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அவற்றை வெறும் மாத்திரையாக விழுங்கினால் பாதிக்கு மேல் உடம்பில் ஏறாமல் வெளியே போய்விடும். அதனால் மருந்தை முதலிலேயே எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெய் தண்ணீரோடு சேர ஒரு பொருளையும் கலந்து, கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுப்பது ஒரு வழி. வயிற்றுக்குள் போனதும் அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளிகளாக உடைந்துவிடும். மருந்து ஏறுவது சுலபம்.

இந்த வேலையில் அவருக்கு எப்படி ஆர்வம் வந்தது என்று கேட்டால், சித்தேரி மலை என்பார்.

மாணவர்களோடு ஒரு மருத்துவ முகாமுக்கு அந்த மலைக்குப் போயிருந்தோம். வளைவுக்கு வளைவு பஸ் நின்று நின்று ஏறியது. மேலே போனதும் காற்றில் ஈர இலை வாசனை. முகாமில் ஒரு அம்மாவுக்கு முதுகெல்லாம் படை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிவிட்டு, "கொழுப்புச் சத்துள்ள சாப்பாட்டோட சாப்பிடணும். நெய், பால், இப்படி ஏதாவது. அப்பதான் வேலை செய்யும்" என்றார்.

அந்த அம்மா எங்களை ஒருமாதிரி பார்த்தார். "களியும் கீரைக் கொழம்பும் திங்கறவங்களுக்கு நெய்யி எங்கீங்க? கடுகு தாளிக்கத்தான் எண்ணெ. அதுக்கும் வேலை செய்யற மாதிரி மாத்திரை இருந்தா குடுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துவிட்டார். தில்லைக்கரசி சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது பஸ்ஸில் என்னிடம், "அந்தம்மா கேட்டது நியாயம்தானே சார்? எண்ணெய மாத்திரைக்குள்ளயே வெச்சுக் குடுத்துட்டா?" என்றார்.

உலகத்தில் வேறு யாரோ எப்போதோ யோசித்த விஷயம்தான் அது. அவருக்கும் தெரியும். ஆனால் தனக்கென்று ஒரு கேள்வியை அவர் அந்த மலையிலிருந்துதான் எடுத்து வந்தார். எண்ணெயில் மட்டுமே கரையும் வைட்டமின் டியை வைத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். பெரியவர்களுக்கான கேப்ஸ்யூல். இரண்டு கோடை அதிலேயே போனது. தொடக்கத்தில் சொன்ன அந்தச் சொட்டு, அதற்கெல்லாம் பிறகு விழுந்த சொட்டு.

பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில்

சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லோரும் தொப்பூர் கணவாய்க்கு முன்னால் இருக்கும் ஒரு சாலையோரக் கடைக்குச் சாப்பிடப் போனோம். லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை. மாதேஷ் அங்கே பரோட்டா மாஸ்டர். ஒல்லியான ஆள். மாவை வீசினால் துணி மாதிரி விரியும். எங்களைப் பார்த்தால் கல்லுக்குப் பக்கத்து மேசையைத் துடைத்துவிடுவார்.

"என்னாங்க இன்னைக்கு எல்லாரும் சிரிச்ச மொகமா இருக்கறீங்க?" என்று கேட்டார்.

தில்லைக்கரசி சொன்னார். எண்ணெய் தண்ணீரில் தானாகக் கரைகிற கதையை, ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டி, கை விரல்களை விரித்து விரித்து விளக்கினார். மாதேஷ் மாவை உருட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் அவர் கை நின்றது.

"எண்ணெ ஒத்துக்காதவங்களுக்கும் அது சேருமுங்களா?"

"சேர வாய்ப்பு இருக்குது அண்ணா" என்றார் தில்லைக்கரசி. சால்னா வந்தது. பேச்சு வேறு எங்கோ போனது.

"ஒரு பாட்டில் போதும்ங்க"

சில நாள் கழித்து ஒரு மத்தியான நேரம், மாதேஷ் ஆய்வக வாசலில் நின்றார். தோளில் ஒரு பெண் குழந்தை. பெயர் ஹரிணி. ஐந்து வயது என்றார், பார்த்தால் மூன்று சொல்லலாம். கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். இறக்கிவிட்டதும் கால் கொஞ்சம் வளைந்து நடந்தது.

மேசைமேல் ஒரு பீக்கருக்குள் கலக்குவதற்குப் போட்ட காந்தத் துண்டு சுழன்றுகொண்டிருந்தது. குழந்தை நேராக அதனிடம் போய், "அப்பா, உள்ள மீனு சுத்துது" என்றாள்.

மாதேஷ் சொன்னார்: "பொறந்தப்பவே இவளுக்கு மஞ்சக்காமாலைங்க மேடம். பித்தம் எறங்கற கொழாயே சரியா இல்லைன்னு பெரிய ஆஸ்பத்திரியில வயித்துல ஆபரேசன் பண்ணாங்க. பொழைச்சுட்டா. ஆனா எண்ணெச் சத்து எதுவும் ஒடம்புல சேராதுன்னுட்டாங்க. தண்ணியில கலக்கற மாதிரி ஒரு வைட்டமின் சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. அது இப்ப எங்கயும் கெடைக்கலீங்க. வேற ஒண்ணு வாங்கி ஊத்தறோம், அது எண்ணெயாட்டம் இருக்குது. நீங்க செஞ்சிருக்கறது தண்ணியில கரையுதுன்னு சொன்னீங்களே. ஒரு பாட்டில் போதும்ங்க."

எனக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் பட்டது. விஷமா என்ன, வைட்டமின்தானே? தில்லைக்கரசியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத் தராசு இருக்கும் சின்ன அறைக்குள் கூப்பிட்டார்.

"சார், நாம டெஸ்ட் பண்ணதெல்லாம் எந்தத் தண்ணியில?"

"குடல் நீர் மாதிரி நாமளே தயாரிச்ச தண்ணியில."

"அதுல பித்த உப்பு போட்டிருக்கோம், எண்ணெய உடைக்க உதவறது அதுதான். இந்தக் கொழந்தைக்கு அந்தப் பித்தம்தான் எறங்கறதில்ல. இவ வயித்துல இது உடையுமான்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை நெறைய ஏறிட்டா? வைட்டமின் டி அளவு கூடினா கிட்னிக்குக் கெடுதல். எண்ணெயக் கரைக்கப் போட்ட பொருள இத்தனூண்டு ஒடம்பு எவ்வளவு தாங்கும்னும் தெரியாது. இந்த பீக்கர்ல போன வாரம் பசங்க எந்த மருந்தக் கரைச்சாங்கன்னுகூட என்னால சொல்ல முடியாது."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அழுதுவிடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. அழவில்லை. வெளியே வந்து, மாதேஷுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, இத நான் குடுக்க முடியாது. இது இன்னும் மருந்து ஆகல."

"உங்கள நம்பித்தானுங்களே மேடம் கேக்கறேன்? தண்ணியில கரையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பீக்கர்ல கரையுது. வயித்துல என்ன ஆகும்னு இன்னும் தெரியாது."

மாதேஷ் எழுந்தார். "உங்க சொந்தப் புள்ளையா இருந்தா குடுத்திருப்பீங்க."

"சொந்தப் புள்ளையா இருந்தாலும் குடுக்க மாட்டேன் அண்ணா."

மாதேஷ் குழந்தையைத் தூக்கினார். பாவாடை விலகியபோது முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாகக் கன்றிய பெரிய தடம் ஒன்று தெரிந்தது. முழங்கையில் இன்னொன்று.

"பாப்பாவுக்கு இது எப்படி ஆச்சு?"

"வெளையாடறப்ப எங்கியாவது இடிச்சிருப்பாளுங்க" என்று சொல்லிக்கொண்டே மாதேஷ் படியிறங்கிப் போய்விட்டார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. தில்லைக்கரசி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாவு கையோடு

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தில்லைக்கரசி போனை எடுத்தார். தன்னோடு பள்ளியில் படித்த ஒரு குழந்தை மருத்துவர் தர்மபுரியில் இருந்தார். அவரிடம் குழந்தைக்கு என்ன நோய், எந்த மருந்து நின்றுபோனது, காலில் என்ன பார்த்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்ததும், "சார், உங்க கார் வேணும்" என்றார்.

கடையில் மாதேஷ் கல்லின் முன்னால் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மாவை அடித்துக்கொண்டிருந்தார். கல்லிலிருந்து வந்த சூட்டில் முகம் எரிந்தது. தில்லைக்கரசி நகரவில்லை.

"அண்ணா, கோவத்த அப்பறம் படுங்க. பாப்பா கால்ல இருக்கறது அடிபட்டதா எனக்குத் தோணல. ரத்தம் உறையறதுக்கு ஒரு வைட்டமின் வேணும். அதுவும் எண்ணெயிலதான் கரையும். அது கொறஞ்சா சின்னதா இடிச்சாலும் உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். தலையில கசிஞ்சா ஆபத்து. டாக்டர் காத்துட்டு இருக்காங்க. இப்பவே கெளம்புங்க."

மாதேஷின் கையிலிருந்த மாவு கல்லின் ஓரத்தில் விழுந்து கருகத் தொடங்கியது. அவர் கை கழுவவே இல்லை. அப்படியே காரில் ஏறினார். வழியில் வீட்டில் நிறுத்தி மனைவி ராதாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டோம். ராதா குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடியே வந்தார். சாலையில் ஒவ்வொரு மேடு வரும்போதும் அந்தக் கை இன்னும் இறுகியது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உறைய வேண்டிய நேரத்தில் உறையவில்லை. உடனே வைட்டமின் கே ஊசி போட்டு, படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம். எந்த டாக்டர் வெளியே வந்தாலும் மாதேஷ் எழுந்து நிற்பார். காய்ந்த மாவை விரலிலிருந்து உரித்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, "சரியாகிட்டு வருது. நல்லவேளை, கூட்டிட்டு வந்தீங்க" என்று அந்த மருத்துவர் சொன்னபோது, மாதேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தில்லைக்கரசி அவர் பக்கம் போகவில்லை. ராதாவுக்கு டீ வாங்கி வரப் போனார்.

அதோடு அவர் விடவில்லை. நின்றுபோன அந்தச் சொட்டு மருந்துக்காகச் சேலம், பெங்களூர் என்று மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டார். கடைசியில், மருந்துக் கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி கண்டுபிடித்து பஸ் பார்சலில் அனுப்பினாள். பிறகு தர்மபுரியில் ஒரு மெடிக்கல் ஸ்டோர்காரரிடம் போய்ப் பேசி, அந்த மருந்து எப்போதும் கடையில் இருக்கும்படி செய்தார். அப்போதுதான் தெரிந்தது, இதே மருந்துக்காக அந்தக் கடையில் வேறு சில குடும்பங்களும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன.

சோப்புத் தண்ணி

ஹரிணி வீடு திரும்பிய அந்த வாரம், தில்லைக்கரசி தன் மருந்தைப் பித்த உப்பு போடாத தண்ணீரில் விட்டுப் பார்த்தார். முதலில் கரைந்த மாதிரி இருந்தது. வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், பீக்கரின் மேல் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம்.

அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேப்ஸ்யூல் அப்படியே இருக்கட்டும் சார். இதச் செய்யலாம்" என்றார்.

பித்தநீர் இல்லாத குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. பட்டம் வாங்கக் கேப்ஸ்யூலே போதும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் எவ்வளவோ சொன்னார். நானும் சொன்னேன். கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றும் சிலர் கேட்டார்கள். "ஒண்ணே ஒண்ணு இருந்தா, அது நின்னுபோனா என்ன ஆகும்னு பாத்துட்டோமே" என்பார்.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ருசிதான். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கிற பொருளை அதிகமாகப் போட்டால் நன்றாக உடையும். ஆனால் வாயில் வைத்தால் சோப்புத் தண்ணி. மருந்து சேர்க்காத கலவையைத்தான் நாக்கில் தொட்டுப் பார்ப்போம். தொட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். அதைக் குறைத்தால் எண்ணெய் பிரியும். தர்மபுரி சித்திரை வெயிலில் அலமாரியிலிருந்த பாட்டில்களில் எல்லாமே ஒருநாள் இரண்டாகப் பிரிந்து நின்றன.

தில்லைக்கரசியின் கணவர் தக்காளி பயிரிடுகிறவர். ஒருமுறை கல்லூரிக்கு வந்தவர் அந்தப் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "வூட்ல சட்னிகூடத்தான் பிரிஞ்சு நிக்குது. அத யாரும் ஆராய்ச்சி பண்றதில்ல" என்றார். தில்லைக்கரசி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து எடை போடத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் எண்ணெயையே மாற்றினார். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு வகை எண்ணெய் இருக்கிறது. பித்தநீர் அதிகம் இல்லாவிட்டாலும் ஓரளவு உடம்பில் சேரும். அதை வைத்து, கரைக்கும் பொருளைப் பாதிக்கு மேல் குறைக்க முடிந்தது. ஏலக்காய் வாசனை சேர்த்ததும் வாயில் வைக்கவும் முடிந்தது. அந்தக் கோடையை அது தாங்கியது. அடுத்த கோடையையும் தாங்கியது.

நான் நிறையப் புத்திசாலிகளோடு வேலை பார்த்திருக்கிறேன். தோற்றுப்போன ஒரு பாட்டிலை, ஜெயித்த பாட்டிலைப் பார்க்கிற அதே பொறுமையோடு பார்க்கிறவரை இவர் ஒருவரைத்தான் கண்டேன்.

கண்ணை மூடாதீங்க

பட்டம் கிடைத்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி அந்தக் கலவையை எடுத்துக்கொண்டு, சுத்தமான இடத்தில் முறையாகத் தயாரித்து, விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அனுமதிகள் வாங்கி, ஒரு பெரிய மருத்துவமனையில் குழந்தைகளிடம் சோதிக்கிற கட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் மருத்துவர்கள் முடிவு. ஹரிணி வழக்கமாகப் பரிசோதனைக்குப் போவதும் அதே மருத்துவமனைக்குத்தான் என்று தெரிந்தபோது, தில்லைக்கரசி என்னிடம், "சார், ஒருநாள் தொப்பூர் போய்ட்டு வரலாமா?" என்றார்.

பஸ்ஸில் போனோம். மாதேஷ் இப்போது சொந்தமாகச் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஹரிணி பள்ளிச் சீருடையில் உள்ளேயிருந்து வந்தாள். ஏழாம் வகுப்பு. கால் வளைவு கொஞ்சம் மிச்சம் இருந்தது, நடையில் தடுமாற்றம் இல்லை.

தில்லைக்கரசி விஷயத்தைச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் மாதேஷ், "உங்க மருந்துன்னா நான் கண்ண மூடிட்டுக் குடுப்பேனுங்க மேடம்" என்றார்.

"அதுக்குத்தான் அண்ணா வந்தேன். கண்ண மூடாதீங்க. டாக்டர் கேட்டா, முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குது. எனக்காக சரின்னு சொல்லிடாதீங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பாப்பாவும் பெரியவளாயிட்டா. அவளையும் கேக்கணும்."

ராதா மகளைப் பார்த்தார். ஹரிணி சீருடையின் நுனியைச் சுருட்டியபடி யோசித்தாள்.

"ரத்தம் எடுப்பாங்களா மேடம்?"

"எடுப்பாங்க. நெறைய தடவை."

"இப்ப நான் குடிக்கறதவிட இது நல்லதா?"

"தெரியாது கண்ணு. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனையே."

"வேணாம்னா நீங்க கோவிச்சுக்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எனக்கு வேணாங்க மேடம். எனக்கு இப்ப இருக்கறதே ஒத்துக்குது."

"ஏய், மேடத்துகிட்ட என்ன பேச்சு…" என்று மாதேஷ் ஆரம்பித்தார். தில்லைக்கரசி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"சரி கண்ணு. டாக்டர் கேட்டாலும் இதே மாதிரி சொல்லணும். இப்ப மெதுவா சொன்ன. அங்க சத்தமாச் சொல்லணும். எங்க, சொல்லு பாக்கலாம்."

"வேணாங்க!" என்று கத்தினாள் ஹரிணி. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், தன்னிடம்தான் சொல்கிறாள் போல என்று திரும்பிப் பார்த்தார். ராதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மாதேஷும் சிரித்துவிட்டார்.

வேறு குழந்தைகளோடு அந்தச் சோதனை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. நல்லதாக வரலாம், வராமலும் போகலாம். எனக்கு வர வேண்டும் என்று ஆசை. தில்லைக்கரசியிடம் கேட்டால், "பாக்கலாம் சார்" என்பார், அவ்வளவுதான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அத்தனை வருஷ உழைப்பை அந்தப் பெண் ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டாளே, மனசுக்குள் வருத்தம் இருக்கும் என்று நினைத்து நான் பேச்சுக் கொடுக்கவில்லை. சுங்கச்சாவடி தாண்டியதும் அவரே என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எவ்ளோ சத்தமா சொன்னா, பாத்தீங்களா சார்!"